அக்காவிடம் மட்டும் கேட்காதவன்

என் சாமுக்குட்டி,

விடிந்தும் விடியாத நேரம் இது. நீ ஆரம்பித்த சனிக்கிழமை ஆன்லைன் கூடுகை இப்போதுதான் முடிந்தது. லேப்டாப்பை மூடிய பிறகும் கட்டம் கட்டமாக அந்த முகங்கள் கண்ணுக்குள் மிதந்துகொண்டே இருக்கின்றன. வெளியே தூறல். பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்துவிட்டது. கோயில் நாதஸ்வரம் காற்றில் வருவதும் போவதுமாக இருக்கிறது. டியூட்டிக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறேன், கேட்டுக்கொள்.

நீ போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, இனிமேல் கூடுகை இல்லை என்று சொல்வதற்காகத்தான் உன் லேப்டாப்பைத் திறந்தேன். எல்லாரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீ படுக்கையில் இருந்த மாதங்களில், உனக்கு இருமல் வரும்போதெல்லாம் பக்கத்திலிருந்து நான்தானே பேசினேன்? அந்தப் பழக்கத்தில், "சரி, போன வாரம் யார் யாரைப் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து இந்த வேலை என் தலையில். அரசு ஆஸ்பத்திரி நர்ஸுக்கு இதெல்லாம் தேவையா, நீயே சொல்.

என் கட்டத்தின் கீழே இன்னும் உன் பெயர்தான் வருகிறது. மாற்றத் தெரியாமல் இல்லை. அரைத்தூக்கத்தில் அதைப் பார்க்கும்போது நீ பேசுவது போலவும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போலவும் தோன்றும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது.

உன் ஆட்கள் மாறவே இல்லை. சபை ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது, மாதாமாதம் தாங்குகிற பங்காளர்களை அவரவர்தான் தேடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துதான் வந்தவர்கள். ஆனால் வாயைத் திறந்து கேட்கச் சொன்னால் உயிர் போகிறது. "மாசாமாசம் பணம் குடுத்துத் தாங்க முடியுமான்னு நேரா கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கினு இருங்க" என்று தொண்டை வறளச் சொல்வாயே! ஒருவர் பங்காளராக நடிக்க, இன்னொருவர் கேட்டுப் பழகுகிற பயிற்சியை இன்னும் நடத்துகிறேன். போன மாதம் ஏனாத்தூர் கிரேஸ் எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிவிட்டு, பணத்தைக் கேட்க வேண்டிய நொடியில், "எங்களை ஜெபத்துல தாங்குங்க அங்கிள்" என்று முடித்தாள். அங்கிளாக நடித்தவர் உடனே கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணிவிட்டார். நாங்களும் ஆமென் சொன்னோம். நடிப்பு என்பதே எல்லாருக்கும் மறந்துபோயிற்று. நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

தானியேலை உனக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வாலாஜாபாத்தில் ரைஸ்மில் ஆட்களின் குழந்தைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துகிறவன். போன சனிக்கிழமை அவன், பங்காளர்கள் போதவில்லை, அடுத்த மாதம் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்றான். அந்தக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லையாம். கேட்பதற்கு இன்னும் யாராவது பாக்கி இருக்கிறார்களா என்று விசாரித்தேன்.

"கூடப் பொறந்த அக்கா ஒருத்தங்க இருக்காங்க, வளர்மதின்னு. தறி போடுறாங்க. அவங்களைக் கேக்க மாட்டேன்க்கா."

"ஏன்பா? கஷ்டப்படுறாங்களா?"

"அதெல்லாம் இல்லக்கா. நான் சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து அந்தப் பக்கம் போறதே கொறைஞ்சு போச்சு. அவங்க கோயிலுக்குப் போறவங்க. இப்ப போய்க் காசுன்னு நின்னா..." தலையைக் குனிந்துகொண்டான். "இல்லன்னு சொன்னாக்கூட பரவால்ல. அதுக்கப்புறம் என்னைக் காசு கேட்டு வந்தவனா பாப்பாங்க. எனக்கு அக்கா அக்காவாவே இருக்கட்டும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! நீயும் என்னைக் கேட்டதே இல்லையே, சாமு. பல் டாக்டரைக் கேட்டாய். மளிகைக் கடைக்காரரைக் கேட்டாய். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக்கூடக் கேட்டாய். கூடப் பிறந்து, கை நிறையச் சம்பளமும் வாங்குகிற என்னிடம் மட்டும், "ஜெபம் பண்ணிக்கோக்கா." நானாக நீட்டினால், "நீயே வெச்சிக்கோக்கா" என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போவாய். மலை, காடு என்று சுற்றிவிட்டு கிறிஸ்துமஸுக்குத்தான் முகத்தைக் காட்டுவாய். தானியேலுக்கு வந்த பயம்தானா உனக்கும்? கேட்டுவிட்டால் நான் வேறு யாராக மாறிவிடுவேன் என்று நினைத்தாய்?

"இப்ப நான்தான் உன் அக்கா. கேளு" என்றேன் தானியேலிடம். தொண்டையைச் செருமினான். குழந்தைகளைப் பற்றிச் சொன்னான். பிறகு, "மாசாமாசம் பணம் குடுத்து என்னைத் தாங்குவியாக்கா?" என்று கேட்டுவிட்டு, நீ சொல்லிக்கொடுத்தபடியே வாயை மூடிக்கொண்டான். யாரோ மியூட் போட மறந்திருந்தார்கள், எங்கோ ஒரு சேவல் கூவியது. அதற்குள் நான் எங்கேயோ போய்விட்டேன். நம் வாசலில் நீ செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாய். சட்டைக் காலர் நைந்திருக்கிறது. கேட்க வந்ததைக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாய்.

"இவ்ளோ நாளா ஏன்டா கேக்கல, சாமு?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. கிரேஸ் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தானியேல், "இந்த வாரம் அக்காவைப் போய்ப் பாக்குறேன்க்கா" என்றான்.

இன்றைக்கு அவன் கட்டத்தில் அவன் இல்லை. ஈரத்தலையில் துண்டு கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு அம்மா. பின்னால் தறி. போனை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார்.

"இன்னாமா, நீதான் லில்லியக்காவா? ஆம்பள பேரு போட்டிருக்குது?"

"என் தம்பி பேரும்மா. அவன் இப்ப இல்ல."

"சொன்னான்." குரல் கொஞ்சம் இறங்கியது. "என் தம்பியும் இருந்தும் இல்லாத மாதிரிதான் இருந்தான். வாலாஜாபாத்து இன்னா சீமையிலயா இருக்குது? நேத்து திடீர்னு வந்து நிக்கிறான். காசு கேக்குறான். கேட்டுட்டு ஊமையாட்டம் கம்முனு பாத்துக்கினு இருக்கான். அதுவும் நீங்க சொல்லிக்குடுத்ததா?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். பின்னாலிருந்து தானியேல், "அக்கா, போனைக் குடுக்கா" என்று கெஞ்சினான்.

"இருடா. நான் ஒண்ணுதாம்மா சொன்னேன் இவனாண்ட. குடுக்குறேன். ஆனா போன்ல அனுப்புற வேலையெல்லாம் என்னாண்ட வேணாம். மாசாமாசம் நான் கூலி வாங்குற அன்னிக்கு நேரா ஊட்டுக்கு வா. ஒக்காந்து சோறு தின்னு. அப்பறம் வாங்கிக்கினு போ. சோறு திங்காத மாசம் காசு கெடையாது. சரிதானமா நான் சொல்றது?"

சரிதான் என்று தலையை ஆட்டினேன். தானியேல் கம்பெனிக்குப் போகவில்லையாம். "அக்காவையே கேட்டாச்சு, இனிமே மத்தவங்களைக் கேக்க இன்னா பயம்?" என்கிறான். நேற்று ராத்திரி அங்கேயேதான் படுத்திருக்கிறான்.

நான் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, சாமு. அழுதுகொண்டே எழுதுகிறேன். உனக்கு ஒன்றும் கொடுக்க முடியாமல் போனதே என்றுதான் இத்தனை நாளும் ஏங்கினேன். நீ கேட்டிருந்தால் மாதா மாதம் வந்திருப்பாய். இது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. சம்பளத் தேதிக்கு வந்து, மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே பாயைப் போட்டு ஒரு குட்டித் தூக்கம் தூங்கிவிட்டுப் போயிருப்பாய். நோய் வந்துதானா நீ வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்?

சரி, வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கூடுகைக்கு இனி யார் புதிதாக வந்தாலும், முதலில் போய்க் கேட்க வேண்டியது கூடப் பிறந்தவர்களைத்தான் என்று சொல்லப் போகிறேன். மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு உன் கதையைச் சொல்வேன். நீ எவ்வளவு நல்லவன் என்று சொல்வேன். எவ்வளவு முட்டாள் என்றும் சொல்வேன்.

கேட்டிருந்தால் மாதா மாதம் உன்னைப் பார்த்திருக்கக்கூடிய
உன் கூடப்பிறந்த அக்கா,
லில்லி