எட்வின் நிரப்பிய கட்டம்

ஓகூஸ்
டென்மார்க்
12.01.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நம் பூட்டன் எட்வினை இரண்டு வருடமாகத் தேடுகிறேன். இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்து வெள்ளைக்காரர், மட்டக்களப்பில் வீதி வேலைகளை மேற்பார்த்த ஓவசியர், 1909இல் பூட்டியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஊருக்குப் போனவர். இவ்வளவுதான் தெரியும். அங்கே உள்ள எட்வின் குடும்பங்களின் ஞானஸ்நானப் பதிவுகள், சனத்தொகைக் கணக்குகள் எல்லாவற்றையும் இணையத்தில் பார்த்துவிட்டேன். நம் ஆள் இல்லை. நம் ஊர்த் தேவாலயத்தின் கல்யாணப் பதிவேடோ எழுபத்தெட்டுச் சூறாவளியோடு போய்விட்டது. பூட்டி மனைவியா, வைப்பாட்டியா என்று அப்பாவைக் கேட்டவர்களுக்கு ஒரு பதில் வேண்டும் அண்ணா.

அன்புத் தங்கை
மரினா

இக்காஸ்ட்
20.01.2025

அன்புத் தங்கச்சிக்கு,

முழங்கால் அப்படியேதான். தொழிற்சாலையில் நின்று நின்று தேய்ந்தது, இனி எங்கே ஆறும்?

அந்த மனுஷனை ஏன் தோண்டுகிறாய்? "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன மிச்சம்" என்று பள்ளிக்கூடத்தில் என்னைப் பழித்தார்கள். அங்கே அவருக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்திருப்பாள். அதையும் எழுத்தில் பார்க்க வேண்டுமா? எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ஒன்று. எட்வின் குடும்பத்தில் தேடினால் எப்படிக் கிடைப்பார்? அப்பப்பா பெயர் சாமுவேல் எட்வின். நம் ஆட்கள் தகப்பன் பெயரைத்தானே பின்னால் வைப்பார்கள்! எட்வின் என்பது அவருடைய சொந்தப் பெயர். சொந்தப் பெயருக்கு ஃபோர்னவ்ன், குடும்பப் பெயருக்கு எஃப்டர்னவ்ன் என்று டெனிஷ் படிவங்களில் எத்தனை தரம் மாற்றி எழுதித் திட்டு வாங்கியிருக்கிறோம்! படித்த பிள்ளை உனக்கு இது தோன்றவில்லையா?

அண்ணா
தவராஜா

ஓகூஸ்
02.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டிக்கொண்டே வழியும் காட்டிவிட்டீர்கள். எட்வினை முதற்பெயராக வைத்துத் தேடினேன், கிடைத்துவிட்டார்! எட்வின் ஹோஸ்கிங். 1868இல் ஞானஸ்நானம், தகப்பன் சுரங்கத் தொழிலாளி. 1911 ஏப்ரல் கணக்கெடுப்பில் விதவையான தமக்கையோடு இருக்கிறார். தொழில், "இலங்கையில் வீதி ஓவசியர், நோயால் விலகியவர்." வேறு மனைவி இல்லை.

படிவம் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. "திருமணமானவர். ஒன்பது வருடம். பிறந்த பிள்ளைகள் இருவர். உயிருடன் இருவர். இறந்தவர் இல்லை." பிள்ளைகளின் கட்டம் மனைவிமாருக்கு உரியதாம். ஆண்பிள்ளை நிரப்பிவிட்டாரென்று அலுவலகத்தில் யாரோ சிவப்பு மையால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது அவர் இல்லை அண்ணா. பிரதி இத்துடன் இருக்கிறது.

அன்புத் தங்கை
மரினா

இக்காஸ்ட்
11.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். பூட்டி மனைவிதான். அப்பா இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பார்.

ஆனால் "உயிருடன் இருவர்" என்பது பிழை. அப்பப்பாவுக்கு எலிசா என்று ஓர் அக்கா இருந்தாள். 1910 மார்கழியில் காய்ச்சலில் இறந்தாள், ஏழு வயது. அவளுடைய சின்னச் சிலுவைக்கு அப்பாவோடு போய் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தவன் நான். நீ அப்போது பிறக்கவில்லை. "பூட்டி ரோசக்காரி, அந்தாளுக்கு ஒரு வரி எழுதேல்ல" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நானும் பெருமைப்பட்டேன்.

நாலு மாதம் கழித்து அந்த மனுஷன் தன் பிள்ளை இருக்கிறாள் என்று நினைத்து எழுதியிருக்கிறார். இத்தனை வருஷம் அவரைக் கண்டபடி ஏசினேன் மரினா. வெட்கமாக இருக்கிறது. அழுதும் விட்டேன்.

அவரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று பார். கோடை லீவில் இருவரும் போவோம். மகளின் விஷயத்தை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டாமா?

அண்ணா
தவராஜா