அவன் ரொம்ப பிசி

நேற்றுக் காலை ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்குப் படப்பிடிப்பு. உடுப்புக்குப் பொறுப்பான அக்கா ஒரு வெள்ளைச் சட்டையை நீட்டினார். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக, முக்கிய வேடத்தில், நான் நடிக்கும் தொடருக்கான சட்டை. போட்டுப் பார்த்தால் தோள் இரண்டும் இறங்கித் தொங்கின, கை விரல் நுனிவரை மூடியது. யாருடைய சட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே நீல மையில் உன் பெயர் எழுதியிருந்தது.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. செத்துப்போனவன் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் கண்ணாடி முன்னால் நிற்கிறேன்.

“அது அவருக்குத் தச்சதுலா தம்பி,” என்றார் அக்கா. “போன வருசமே துணி வெட்டிட்டேன். அளவு எங்கிட்ட இருந்துச்சு. அப்புறம் அவரு பிசின்னு சொல்லிட்டாங்க. கழட்டு, உன் அளவுக்குப் பிடிச்சுத் தரேன்.”

யார் சொன்னது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. டைரக்டரிடம் போனேன். அவர் செம்பனை மர நிழலில் நாற்காலி போட்டுப் பசியாறிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“என்னா அண்ணே, நீங்கதானே சொன்னீங்க? கோலா குபு பாரு டவுன்ல அந்தக் கல்யாணத்துல உங்ககிட்டதான் கேட்டேன். உங்க கூட்டாளி ஃப்ரீயான்னு. அவன் ரொம்ப பிசின்னு சொன்னீங்க.”

சொன்னேன். அந்தக் கல்யாணமும், சாப்பாட்டு மேசையும், நான் சொன்னபோது லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டதும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. உனக்காகப் பெருமையாகத்தான் சொன்னேன். இந்தத் தொடரே உனக்காகக் காத்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

உனக்கு அந்தப் பயிற்சிப் பட்டறை ஞாபகம் இருக்கும். நடிகர்கள் தொடர்புகளை வளர்த்துக்கொள்வது எப்படி என்று கோலாலம்பூரில் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பேசினாரே, அதுதான். நான் பக்கம் பக்கமாக எழுதினேன். நீ லோரியில் செம்பனைக் குலை ஏற்றிவிட்டு நேராக வந்தவன், மதியத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாய். எளிதில் கிடைக்கிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள், சும்மா இருக்கிறேன் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள் என்றார் அவர். அது என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

திரும்பி வரும்போது லோரியில் வைத்தே உன்னிடம் ஒப்பந்தம் போட்டேன். நம் வாயால் நாமே பிசி என்று சொன்னால் அளக்கிறான் என்பார்கள். அதனால் என்னைப் பற்றிக் கேட்டால் நீ சொல்ல வேண்டும், உன்னைப் பற்றிக் கேட்டால் நான் சொல்வேன். நீ சாலையைப் பார்த்துக்கொண்டே “சரிலா” என்றாய். எதற்கும் நீ அப்படித்தான் சொல்வாய்.

நம் துறையின் வழக்கம் உனக்குத் தெரியாததா? யாரும் யாரையும் நேரடியாகக் கேட்பதில்லை. கேட்டு, மறுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம். முதலில் கூட்டாளியின் காதில் போட்டுப் பார்ப்பார்கள். அதுவும் நின்றுகொண்டே, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், போகிற போக்கில் கேட்பார்கள். அதனால் அந்தக் கேள்விகளை நான் கேள்வியாகவே எண்ணவில்லை. நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிசி என்று சொன்னால் ஆசை கூடும், உண்மையிலேயே வேண்டும் என்பவர் விடாமல் உன்னைத் தேடிப் பிடிப்பார் என்று நினைத்தேன். கோட்டுக்காரர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்கே தெரியும். தொடர்பு வளர்க்கிறேன் பேர்வழி என்று தயாரிப்பாளர் வீட்டுக் காதுகுத்து முதல் சபாக்கில் யாரோ ஒருவரின் கடைத் திறப்புவரை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். எல்லாருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். நீ ஒன்றுக்கும் வரமாட்டாய். படப்பிடிப்பில் மட்டும் லைட்டு பிடிக்கிற அண்ணனிடம் அவர் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பாய். பெரியவர்கள் பக்கம் வந்து உட்காரமாட்டேன் என்கிறாயே, நீ எங்கே உருப்படப் போகிறாய் என்று உன்னை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

டைரக்டரிடமிருந்து வந்து வேனுக்குள் உட்கார்ந்தேன். ஒரு தடவைதானே, ஒரு ஆள்தானே என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. கைப்பேசியை எடுத்து எனக்குத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். எப்போதாவது என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்டார்களா என்று விசாரித்தேன். முதல் இரண்டு பேர் இல்லை என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவது ஆள் ஆமாம் என்றார். அப்பா வேடமாம். அடுத்தவரும் ஆமாம் என்றார். கடைசியாக, நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த அம்மாவை உனக்குத் தெரியும், அவர் இரண்டு தடவை கேட்டாராம்.

“ரெண்டு தடவையும் பிசின்னு சொன்னீங்க. பெரிய ஆளாயிட்டாரு, சின்ன வேசத்துக்கெல்லாம் கூப்பிட்டா கோவிச்சுக்குவாருன்னு நாங்களும் விட்டுட்டோம்,” என்றார் அவர்.

டைரக்டரையும் சேர்த்து நாலு பேர்.

நீ பெரிய ஆளாகிவிட்டாயாம். ஒப்பந்தம் போட்ட பிறகு வந்த இரண்டு வருடமும் நீ குலை லோரி ஓட்டிவிட்டு வந்து, குளிக்கும்போதுகூடக் கைப்பேசியைத் தொட்டி விளிம்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாய். எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை வைத்து உன்னைக் கிண்டல் செய்தவனே நான்தான்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. அப்படியென்றால் என்னை மட்டும் எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே வேடிக்கையாக இருந்தது போல.

“உங்க கூட்டாளிதான் சொன்னாரு. அவன் சும்மாதான் இருக்கான், உடனே கூப்பிடுங்க, கடை முதலாளிகிட்ட லீவுக்கு நான் பேசுறேன்னு.”

நான் வேலை செய்யும் கோலா சிலாங்கூர் இரும்புக்கடை முதலாளியிடம் நீ பேசியதுகூட எனக்குத் தெரியாது. நீ என்னைச் சும்மா இருக்கிறான் என்று சொல்லித் திரிகிறாய் என்பது மட்டும் ஒருமுறை தெரிந்துபோய், தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில் நாலு பேர் பார்க்க உன்னோடு சண்டை போட்டேன். என் மானத்தை வாங்கிவிட்டாய் என்றேன். ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்றேன். நீ தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டாய்: “கூப்பிட்டாங்களா இல்லையா?”

கூப்பிட்டார்கள். ஆனால் அதற்குக் காரணம் என் காதுகுத்து வருகையும் வாழ்த்துச் செய்திகளும்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். நீ அதற்கும் “சரிலா” என்றாய். இரண்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அப்படிப் பேசாமல் இருந்தபோதும் உன்னைக் கேட்டவர்களிடம் நீ பிசி என்றுதான் சொன்னேன். நான் வாக்குத் தவறாதவன் பார்.

இனி எழுதப் போவதை எழுதக் கூசுகிறது. கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது, வாழைத்தார் வெட்டிக் கொடுத்துக்கொண்டே நீ கேட்டாய்: “யாராச்சும் என்னப் பத்தி விசாரிச்சாங்களா?” கேட்பார்கள், பொறு என்றேன். அந்தக் கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. டைரக்டர் விசாரித்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை, நம்பு. மறைக்கவில்லை. பொறாமையும் இல்லை. பொறாமையாக இருந்தாலாவது எனக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

நீ மட்டும் ஒப்பந்தத்தைக் காற்றில் விட்டாய், நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான் இப்படிச் சொல்லித் திரிகிறேன் என்று உனக்குத் தெரியுமா? சந்தேகமாவது வந்ததா? தெரிந்தும் சங்கடப்பட்டுக் கேட்காமல் விட்டாயா? நேற்றிலிருந்து இதையே சுற்றிச் சுற்றிக் கேட்கிறேன். பதில் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான்.

கிராணியாக நேற்று ஒரு காட்சிதான் எடுத்தார்கள். எப்படி நடித்தேன் என்று தெரியவில்லை. நன்றாக வந்தது என்று கைதட்டினார்கள். அதிர்ச்சியடைய வேண்டிய காட்சி அது.

முடிந்ததும் வெயில் தாழ உன் வீட்டுக்குப் போனேன். உன் கருமாதியன்று உன் மனைவி என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். “அவர யாருமே கேக்கலையாண்ணே?” நான் பெரிய மனிதனைப் போல, துறையே அப்படித்தான் தங்கச்சி, திறமைக்கு மதிப்பில்லை என்று துறையின் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்தேன். அதை அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உடுப்பு அக்காவும் டைரக்டரும் உன் வீட்டுக்கு வரப் போவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்வரை திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

அவள் காப்பி கலக்கப் போனாள். வேண்டாம், உட்கார் என்று சொன்னேன். உட்கார்ந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

“கேட்டாங்க தங்கச்சி. நாலு பேரு கேட்டாங்க. ஒருத்தரு மெயின் வேசத்துக்கே கேட்டாரு. நான்தான் அவன் பிசின்னு சொல்லிட்டேன்.”

புரியவில்லை அவளுக்கு. பட்டறை, ஒப்பந்தம், வழக்கம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு முட்டாள்தனம் என்று உறைத்தது. இருக்கிறதிலேயே மோசமான திட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் எழுந்து உன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பிறகு, வேலையிலிருந்து வந்த உன்னிடம் ஒரு நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னாள்:

“ஏங்க, உங்களக் கேட்டிருக்காங்களாம். நாலு பேரு.”

அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான். கோபம் பிறகு வரலாம், வர வேண்டும், வரும்போது நான் போய் நிற்பேன். ஆனால் அந்த ஒரு நிமிடம், தன் புருசன் யாருக்கும் வேண்டாதவனாகச் சாகவில்லை என்று அவள் பூரித்துப்போய் நின்றாள். அந்தச் சேதி நீ உயிரோடு கேட்க வேண்டியது. ஐந்து தடவை அது என் கைக்கு வந்தது, ஐந்து தடவையும் உன்னிடம் கொண்டுவந்து சேர்க்காமல் விட்டேன். அவள் அதைச் சொன்ன விதம் இன்னும் என் காதிலேயே நிற்கிறது, அதோடுதான் இனி நான் இருக்க வேண்டும்.