வலி இல்லை என்று எழுதினாயே

உ

திருவரங்குளம்,
பகுதானிய வருஷம் தை மாதம் 18-ந் தேதி

சிரஞ்சீவி சேவுகனுக்கு ஆத்தா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம். ரங்கூனில் நீயும் சுகம் என்று உன் கடிதம் சொல்கிறது, நான்தான் நம்பவில்லை. இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார், இடது காலைப் பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டு படி.

போன வாரம் உன் கடிதம் வந்தது. மாசியில் கப்பல் ஏறி, பங்குனித் திருவிழாவுக்கு நார்த்தாமலையில் பால்குடம் எடுப்பதாகவும், அதற்குப் பழக்கமாக ஒரு மாதமாய் ஆபீசுக்குச் செருப்பில்லாமல் நடப்பதாகவும், இடது பாதம் வீங்கிச் சூடாக இருந்தாலும் துளி வலி இல்லை, எல்லாம் அம்மன் கிருபை என்றும் எழுதியிருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, சூடம் கொளுத்திக் கும்பிட்டேன். பதினாலு வயதில் நீ குச்சியாய் இளைத்துத் தண்ணீர் தண்ணீர் என்று கிடந்தாயே, இது நீரிழிவு, தினமும் ஊசி போட்டால்தான் பிழைப்பான் என்று டாக்டர் சொன்னாரே, அன்றைக்கு வேண்டிக்கொண்டது அது. பிள்ளை ஆளானால் வீட்டிலிருந்து கோயில்வரை வெறுங்காலோடு நடந்து பால்குடம் எடுப்பான் என்று நான்தான் சொல்லி வைத்தேன். பன்னிரண்டு வருஷம் ஊசியோடு ஓடிவிட்டது, இன்னும் செலுத்தவில்லையே என்று ஒவ்வொரு கடிதத்திலும் உன்னைக் குடைந்தவளும் நான்தான். எதிர்வீட்டு மருதாயிக்கு உன் கடிதத்தை வாசித்துக்கூடக் காட்டினேன். ஒம் மகனுக்கு மாரியாத்தா தொணை இருக்கு என்று அவள் சொன்னதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முந்தாநாள் புதுக்கோட்டைக்கு உன் அழகி அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் தங்கையாயிற்றே, போய் ரொம்ப நாளாயிற்றென்று போனேன். அவளுக்கும் உன்னைப்போலத் தினமும் ஊசிதான். தீபாவளிக்கு முன்னால் வாசற்படியில் லேசாகக் கால் பிசகியிருக்கிறது. வீக்கம், சூடு, வலி மட்டும் இல்லை. வலிக்காத காலுக்கு என்ன வைத்தியம் என்று தண்ணீர்க் குடம் சுமந்திருக்கிறாள், எண்ணெய் போட்டு உருவிவிட ஆளும் வைத்திருக்கிறாள். பாதம் தோணியின் அடியைப்போல் வளைந்த பிறகுதான் திருச்சிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார்களாம், உள்ளே எலும்பு நாலைந்து இடத்தில் நொறுங்கிக் கிடந்ததாம். இந்த வியாதி ரொம்ப வருஷம் இருந்தால் நரம்பு மரத்துப்போகுமாம், எலும்பும் வலுவிழக்குமாம், முறிந்தாலும் உடம்புக்குத் தெரியாதாம். வலி இருந்திருந்தால் முதல் நாளே காலை ஊன்றாமல் உட்கார்ந்திருப்பீர்கள், வலி இல்லாததுதான் அம்மா ஆபத்து என்று அந்த டாக்டர் சொன்னாராம். இனிமே இந்தக் காலு நேராகாதாம் அண்ணி என்று அத்தை சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அவள் சொன்னது கேட்கவில்லை, உன் கடிதம்தான் கேட்டது.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தந்தி கொடுங்கள் என்று அப்பாவை விரட்டினேன். தந்தியைக் கண்டால் யாரோ போய்விட்டதாகப் பிள்ளை அலறுவான், என்ன வாசகம் கொடுக்க என்றார். நடக்காதே என்று ஒரே வார்த்தை போதும் என்றேன். பைத்தியக்கார ஆத்தாளுக்குப் பிறந்தோம் என்று நினைக்கப்போகிறான் என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அது முன்னாலேயே வந்திருக்கும், அதற்கு விளக்கம்தான் இது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, ரிக்ஷாவில் போ, நடந்து போகாதே. காலைக் காட்டுமுன் பன்னிரண்டு வருஷமாக ஊசி போடுகிறேன் என்பதைச் சொல்லு. வெறும் சுளுக்கு என்றால் படம் எடுத்துப் பாருங்கள் என்று கேள், வெட்கப்படாதே. எவரையும் உருவ விடாதே, ஊசியை ஒரு வேளைகூட நிறுத்தாதே. எழுந்தவுடன் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்துச் சூடு ஒன்றுபோல் இருக்கிறதா என்று எழுது. எதை எழுதினேன் எதை விட்டேன் என்று தெரியவில்லை, நடுவில் இரண்டு தடவை எழுந்து தபால்காரர் வருகிறாரா என்று தெருமுனைவரை போய்வந்தேன்.

பால்குடத்தைப் பற்றி நீ இனி வாய் திறக்காதே. கோயிலில் கேட்டு முடிவு செய்யலாம் என்று அப்பா சொல்கிறார், நான் யாரையும் கேட்கப்போவதில்லை. வேண்டிக்கொண்ட வாய் என்னுடையது, கால் மட்டும் உன்னுடையதா? பங்குனியில் நான் நடக்கிறேன். நேற்றுக் கப்பி ரோட்டில் நாலு மைல் நடந்து பார்த்தேன், பாதம் கொப்புளித்துவிட்டது, ராத்திரி முழுக்க வலி. இந்த வலி உனக்கு இல்லையே என்றுதான் அழுதேன்.

தீர்க்காயுசும் நல்ல புத்தியும் காலில் வலியும் கொடுத்து அந்த மாரியாத்தா உன்னைக் காப்பாற்றட்டும். மறுதபாலில் பதில் போடு. சுகம் என்று எழுதாதே, வலிக்கிறது ஆத்தா என்று எழுது, அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம்.

இப்படிக்கு,
உன் ஆத்தா
சொர்ணவல்லி