சந்திப்பு ஊழியத் தலைவி

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம்.

சொல்வது அப்பா. எழுதுவது நம் லுத்தரன் சபைப் பெண்கள் சங்கத்துச் செயலாளர். தபாலாபீஸில் முத்திரை குத்துகிறாளே, அவள்தான். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நடுவில் அலங்காரம் கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். "நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க பெரியப்பா, பின்னாடி யாரும் துரத்தல" என்கிறாள்.

உன் கடிதத்தையும் அவள்தான் வாசித்துக் காட்டினாள். உன் ஊர்ப் பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்கு ஒரு கட்டில் கிடைத்திருப்பதாகவும், இருபதாம் தேதி வந்து அழைத்துப் போவதாகவும் எழுதியிருந்தாய். அம்மாவுக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை, எங்கே இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான் என்ற வரிக்கு வந்ததும் செயலாளர் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். மேலே வாசி என்று நான்தான் சொன்னேன். உன்மேல் எனக்கு வருத்தமில்லை. பக்கவாதம் வந்து பதினொரு மாதம் ஆகிறது. போன தடவை நீ மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியும் அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உன்னைப் போலத்தான் நினைத்திருந்தேன். அவளைத் தூக்கப் போய் நாங்கள் இருவரும் குளியலறையில் விழுந்த செய்தியும் உனக்கு எப்படியோ வந்துவிட்டது. அதுவும் உண்மைதான். மறைக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவது சங்கத்தின் விதி. முப்பத்தெட்டு வருஷம் விடாமல் போனவள் பெயர் அப்படிப் போகலாமா? அதனால் அவள் படுத்த மறுவாரத்திலிருந்து, அடுத்த வீட்டு நர்ஸம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, அவள் இடத்தில் நான் போய் உட்காருகிறேன். அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒரே ஒரு மீசை. "அண்ணே, அன்னையர் தினத்துக்கு உங்களுக்கும் ஒரு பூ எடுத்து வச்சிருக்கோம்" என்று கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தவிர, காதில் விழுந்தது எதுவும் போகாது. வேதபாடத்தை அப்படியே வாங்கி வந்து அம்மாவிடம் ஒப்பிப்பேன். அவள் கூரையைப் பார்ப்பாள்.

போன மாதம் சங்கத்துத் தேர்தல். செயலாளரிடம் இரண்டு பட்டியல் உண்டு. ஒன்று, வியாதிக்காரர்களைப் போய்ப் பார்க்கிற பெண்களுடையது. மற்றது, போய்ப் பார்க்கப்பட வேண்டியவர்களுடையது. இரண்டையும் இவள் ஒரே தாளில், நடுவில் ஒரு கோடுகூடப் போடாமல், எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். (இந்த இடத்தில் பேனா நகரமாட்டேன் என்கிறது. எழுதம்மா, தப்பு செய்யாதவர் யார்?) சந்திப்பு ஊழியத்துக்குத் தலைவியைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு பெயராக வாசித்தாள். அம்மா பெயரும் வந்தது. கேட்டவுடன் எல்லாரும் பட்டென்று கையைத் தூக்கிவிட்டார்கள். போதகரம்மா கையும் மேலே. தூக்கிய பிறகுதான் யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பது உறைத்தது. முதலில் இறக்குவது யார்? ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். "ஐயோ, தப்பு நடந்துபோச்சு, அடிச்சிடறேன்" என்று இவள் அழாத குறை.

பத்து மாதமாக அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காத நான் எழுந்தேன். "தூக்கின கை தூக்கினதுதான். தலைவி எந்திரிச்சு நடக்கணும்னு விதியில எங்கயாவது இருக்கா?" என்று கேட்டேன். புரட்டிப் பார்த்தார்கள். இல்லை. வாராவாரம் யாரைப் பார்க்கப் போவது என்பதைத் தலைவி முன்னிலையில் முடிவு செய்ய வேண்டும் என்று மட்டும் இருந்தது. அவளால் வர முடியாது. அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் எட்டுப் பெண்கள் நனைந்த குடைகளோடு நம் வீட்டுக்கு வந்து அவள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

எந்த வீட்டுக்குப் போவது என்று கேட்டார்கள். முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் பால் போட்டவன் நான். கதவு எண் படிக்கத் தெரியாததால் ஒவ்வொரு கதவும் எனக்கு முகம் மாதிரி. அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, பால் போட்ட வரிசையிலேயே நம் சபை வீடுகளைச் சொல்லிக்கொண்டே போனேன். மூலை வீடு, நீலக் கதவு, படி உடைந்த வீடு. "தையற்கடைக்காரி, பச்சைக் கதவு, அரை லிட்டர்" என்றதும் என் விரலை இறுக்கினாள்.

ஏதோ சுளுக்கு என்று நினைத்தேன். "தற்செயலா இருக்கும் பெரியப்பா" என்றாள் செயலாளர். இன்னும் பத்து வீடு சொன்னேன், ஒன்றுமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பச்சைக் கதவுக்குத் திரும்பினேன். நகம் பதிந்துவிட்டது.

தையற்கடைக்காரியை உனக்கு நினைவிருக்கும். நீ கல்லூரியில் இருந்தபோது, பீடத்து விரிப்பை அவள் ஒரு சாண் குறைத்து வெட்டிவிட்டாள் என்று அம்மா சபை நடுவில், "இது பீடத்துக்கா, முக்காலிக்கா?" என்று கேட்டாளே. அன்று சங்கத்தை விட்டுப் போனவள்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிவதற்குள் கிளம்பிவிடுவாள்.

போய்ப் பார்த்தார்கள். கண்ணில் புரை விழுந்து நாலு மாதமாக ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கடை சாத்திக் கிடக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அனுப்பியது யார் என்று கேட்டிருக்கிறாள். சொன்னதும் கதவைச் சாத்திவிட்டாள்.

அடுத்த வியாழன் அவளே வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "பீடத்துக்கா முக்காலிக்கான்னு அன்னிக்குக் கேட்டியேடி, இப்பக் கேளு பாக்கலாம்" என்றாள். அம்மா சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் அசைந்தது, இருந்தாலும் அது சிரிப்புதான். நாற்பத்தாறு வருஷமாகப் பார்த்த சிரிப்பு எனக்குத் தெரியாதா? தையற்கடைக்காரி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்து, மெத்தை விரிப்பு மோசமாகப் போட்டிருக்கிறது என்று என்னைத் திட்டினாள். கண் அறுவைக்கு அவளைச் செயலாளர்தான் அழைத்துப் போகிறாள்.

அன்றிலிருந்து முறை வைத்திருக்கிறார்கள். காலையில் இரண்டு பேர் வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, உடை மாற்றுகிறார்கள். தூக்குகிற வேலை எனக்கு இல்லை. படுத்தே கிடந்து அம்மாவுக்கு வந்த முதுகுப் புண் ஆறிவிட்டது; நர்ஸம்மா பார்த்துச் சொன்னாள். முறைத் தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம், கதவைத் தட்டுகிற தினுசிலேயே இன்றைக்கு யார் என்று சொல்லிவிடுவேன். வியாழக்கிழமை தலைவிக்குத் தலை வாரித் தயாராக வைப்பது மட்டும் என் வேலை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதனால் மகளே, அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு. அங்கே ஒருவருக்குத்தான் இடம் என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

உனக்கு நம்பிக்கை வராது. என் மகள், கண்ணால் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாய். ஆகையால் இருபதாம் தேதி வா. வந்ததும் அவளிடம் எதுவும் பேசாதே. இடது கையைப் பிடித்துக்கொள். நான் எதிர்ப்பக்கம் நின்று சபையில் இருக்கிற பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவேன். நடுவில் எங்கேயாவது உன் பெயரைச் சொல்வேன். அவள் கை சும்மா கிடந்தால், வண்டியைக் கூப்பிடு. நானே அவளை ஏற்றிவிட்டு, வாசலில் நின்று கையசைக்கிறேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா.

கீழே இருப்பது என் கட்டைவிரல். அதற்குப் பக்கத்தில் கோணலாக இருப்பது அம்மாவுடையது. நான் தாளைத்தான் பிடித்தேன். விரலை வைத்தது அவள்.