தொட்டித் தண்ணீர்

14 ஆகஸ்ட் 1943, சனி

சிங்கப்பூர் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஆட்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டி, முன்பு கப்பலுக்கு அடிக்கும் ஈயப் பெயிண்ட் வைத்திருந்த தொட்டி. தண்ணீரில் விஷம் இறங்குகிறது என்று டாக்டர் கொடுத்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவன், ஆபீஸ் கிராணியான, அதாவது குமாஸ்தாவான, நான். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு மேசைக்குள் வைத்துப் பூட்டினார். வெளியே தெரிந்தால் உன் தலை இருக்காது என்றார். அறிக்கையின் கார்பன் நகல் என் வீட்டில் மரவள்ளி மாவு டின்னுக்குள் இருக்கிறது. என்றாவது விசாரணை வரும், அன்று மேலதிகாரியை நிறுத்திக் கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

இன்று மதியம் ஆள் கணக்கெடுக்கப் பட்டறைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் கருப்பையா அண்ணன் தொட்டியில் ஒரு குவளை மொண்டு நீட்டினார். கொஞ்ச நாளாகவே அவருக்கு இருக்கும் கை நடுக்கத்தில் தண்ணீர் சிந்தியது.

“குடிங்க கிராணி. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க.”

“தாகமில்ல அண்ணே.”

என் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆபீஸ்காரங்க யாருமே இதுல குடிக்கிறதில்ல. தண்ணியில ஏதும் இருக்கா?”

“ஒண்ணும் இல்லண்ணே.”

அந்தக் குவளையை என் எதிரிலேயே குடித்து முடித்தார்.

மாவு டின்னை இப்போதுதான் திறந்து பார்த்தேன். நகல் பத்திரமாக இருக்கிறது. மேலதிகாரி கருப்பையா அண்ணனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இல்லை என்று சொன்னவன் நான்.