கோப்பைக்கு ஒரு முத்தம்

இஸ்மிர், 1926

ஷெஃபிகா, உனக்கும் மகள் நிகாருக்கும் சலாம். உன் முழங்கால் வலி தேவலையா? அவள் இருமல் நின்றதா? நான் சுகம்.

சென்ற வாரம் ஒரு வேடிக்கை. நான் வேலை பார்க்கும் காப்பிக்கடையில், நம் சூஃபி மடமான தைக்காவில் தர்வேஷாக இருந்து பதினெட்டு வருஷம் செய்த பழக்கத்தில், குடிக்குமுன் கோப்பையை முத்தமிட்டுவிட்டேன். உதடு சட்டம் படித்திருக்கிறதா என்ன? எதிரே போலீஸ்காரர்.

"தைக்காவையெல்லாம் சர்க்கார் பூட்டி வருஷமாகப்போவுது, இன்னும் தர்வேஷ் புத்தி போகலையாய்யா?"

"சூடு பாத்தேங்க" என்றேன். கோப்பையை அவசரமாய் இறக்கியதில் காப்பி கைமேல் கொட்டியது.

"ஆறிப்போன காப்பிக்கா?" என்றவர், என் பெயரையும் ஊரில் நம் தெருவையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், பயப்படாதே.

கம்பளிக் காலுறை அனுப்பு. பெட்டியில் இருக்கும் என் தர்வேஷ் தொப்பியை இன்றே மாதுளை மரத்தடியில் புதைத்துவிடு. இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

இதைக் கொண்டுவரும் கம்பள வியாபாரி ரயிலுக்கு அவசரப்படுத்துகிறார். நிகாரும் என்னைப் போலவே குவளையை முத்தமிட்டுத்தானே குடிப்பாள்? பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று சொல், அடித்துவிடாதே. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, என் பங்கையும் சேர்த்து இரண்டு தடவை முத்தமிடட்டும்.

உன் ருக்னெத்தின்