நான்கு கப்றுகளுக்கு நடுவே

ராத்தா, இன்று காலை என் போன், இடம் போதவில்லை, எதையாவது அழி என்று அடம்பிடித்தது. திறந்து பார்த்தால் முழுவதும் உங்கள் குடும்ப மையவாடியில் கப்றுக் குழிகளுக்கு அடையாளமாக நட்ட மீஸான்களின் படங்கள். மையவாடியில் இன்னும் இடமிருக்கிறது, என் போனில்தான் இல்லை. நாலைந்து கிரிக்கெட் வீடியோக்களை அழித்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நற்பிட்டிமுனை வயல் ஓரத்தில், முள்ளுக்கம்பி வேலிக்குள் உங்கள் முன்னோரை அடக்கிய அந்தச் சின்ன நிலத்தை உங்கள் வீட்டில் எல்லோரும் மறந்திருந்தார்கள். ஒவ்வொரு மீஸானையும் படம் பிடித்து, எது எங்கே என்று வரைந்து வைக்க வேண்டும் என்று நீங்கள்தான் பிடிவாதமாக நின்றீர்கள். பெண்கள் மையவாடிக்குள் போவதில்லையே. அதனால் பக்கத்து வீட்டுப் பையன் என்னைப் பிடித்தீர்கள்.

"மீசையே முளைக்கல்ல ராத்தா, எனக்கு மீஸான் வேலையா?"

"கட்டை தேடுறதுக்குக் கட்டையன்தான்டா தோது. குனியத் தேவல்ல."

நீங்கள் வேலிக்கு வெளியே கொப்பியோடு நிற்பீர்கள். நான் உள்ளே நின்று கத்துவேன். ஆணுக்குத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரண்டு மீஸான், பெண்ணுக்கு நடுவிலும் ஒன்று சேர்த்து மூன்று. பெயர் எழுதும் பழக்கம் அங்கே இல்லை. "மூணு" என்று நான் கத்தினால் நீங்கள் ஒரு பூ வரைவீர்கள். "ரெண்டு" என்றால் ஒரு தொப்பி.

நீங்கள் தேடியது ஒரே ஒரு பூவை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு நடக்கப் பழகும் வயதில் உங்கள் உம்மா மௌத்தானார். கப்றைக் காட்டித் தர இருந்த வாப்பாவும் போய்விட்டார். கிழக்கு மூலையில் என்பது மட்டும் உங்களுக்கும் உங்கள் அண்ணன் காக்காவுக்கும் தெரியும். அந்த மூலையில் நான்கு கப்றுகள், எல்லாம் மரக்கட்டை நட்டவை, எல்லாவற்றிலும் இரண்டு கட்டைகள்தான். நடுக்கட்டையைக் கறையான் தின்றுவிட்டால் பெண்ணின் கப்றும் ஆணுடையதாகத்தான் தெரியும். நான் குந்தியிருந்து விரலால் மண்ணைக் கிளறினேன். ஒரு சிராய் கூட அகப்படவில்லை.

"சும்மா ஒண்டக் காட்டி என்னைப் பேய்க்காட்டிப் போடாத மனே" என்றீர்கள். என் பேர் அப்படி. மௌலவி உட்காரும் வாங்கு முழுக்கப் பசை தடவி அவரை ஒட்ட வைத்தவன் அல்லவா நான்.

பிறகு உங்களுக்கு உடம்பு வருத்தம் முற்றியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியோடு கிடந்தபோது கேட்டீர்கள்.

"ஆப்புட்டிச்சாடா?"

வழியெல்லாம் ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டுதான் வந்தேன். வேலிப் பக்கம் இருந்து இரண்டாவது கப்று, நடுவில் கறையான் தின்ற கட்டையின் அடி இருந்தது என்று சொல்ல. உங்கள் முகத்தைப் பார்த்ததும் அது வாய்க்குள் கரைந்துவிட்டது.

"இல்ல ராத்தா. நடுவுல மண்ணுதான்."

என் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். "நீ பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன்டா."

"தெரியும். அதான் சொல்லல்ல."

சிரித்தீர்கள். இருமல் வந்து அந்தச் சிரிப்பை முடித்துவிட்டது.

உங்கள் ஜனாஸாவுக்குக் குழி வெட்ட வந்தவர்கள் மண்வெட்டியோடு நிற்க, உங்கள் காக்கா என்னைப் பார்த்தார். "நீதானேடா இதெல்லாம் அளந்தவன். எங்க வெட்டுற?"

பெரியவர் ஒருவர் என்னிடம் விளையாட்டில்லாமல் ஒன்று கேட்டது அன்றுதான். நான் கிழக்கு மூலைக்கு நடந்தேன். அந்த நான்கு கப்றுகளில் இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவு வெறும் நிலம். "இதுல" என்றேன். காக்கா அங்கேயே வெட்டச் சொன்னார். முதல் மண் விழுந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது போலும், என் தோளில் கை வைத்தார். உங்கள் நடு மீஸானை நட்டது நான். கட்டை வேண்டாம், கல்தான் வேண்டும் என்று கேட்டு நட்டேன், கறையானுக்குப் பல் உடையட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து அங்கே போகிறேன். உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, நான்கு கப்றுகளிடமும் தனித்தனியாக நின்று, "உங்கட மகள் பக்கத்துலதான் இரிக்கா" என்கிறேன். ஒருவருக்கு அது உண்மை. மற்ற மூவருக்கும் பொய். அவர்கள் உங்களிடம் முறையிட்டால், அவன் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளியுங்கள், ராத்தா.